இரவல் இருட்டு

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குள் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்தது. எங்கேயோ கிழிந்துவிட்டது என்று அடைக்கலம் அண்ணாந்து பார்த்தார். கிழியவில்லை. கூரை மூங்கிலில் ஒருவன் ஏறி நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்பார்கள். அடைக்கலத்துக்கு அது பிறந்ததிலிருந்தே பழக்கம். அலையாய் அலைந்து இந்த டூரிங் டாக்கீஸை மணமேல்குடியில் கொண்டுவந்து இறக்கினால், யுத்தம் கடலுக்கு வந்துவிட்டது. கொழும்பில் குண்டு விழுந்ததும் கரையோரத்தில் ராத்திரி வெளிச்சமே தெரியக்கூடாதென்று உத்தரவு. பகலிலாவது காட்டிக்கொள்கிறேன் என்று தாசில்தாரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். "பகல்ல எவன்யா படம் காட்டுவான்? சரி, நானே வந்து ஒக்காந்து பாக்குறேன். முழுசும் தெரிஞ்சா லைசென்ஸ். இல்லாட்டி மூட்டையக் கட்டு" என்றுவிட்டார் அவர்.

கொட்டகைத் துணியோ சல்லடை. அப்போதுதான் கரையில் சும்மா கிடந்த தோணிகள் கண்ணில் பட்டன. காற்று செத்துப்போய் ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. பட்டைச் சாயத்தில் ஊறிக் கறுத்த தடித்த பாய்மரப் பாய்கள். கரைத் தலைவர் பிச்சைமுத்துவிடம் கேட்டதும் கொடுத்துவிட்டார். அவர்களுக்கெல்லாம் படம் ஓசி என்று பேச்சு. பாய்களைப் போர்த்தியதும் உச்சி வெயிலில் உள்ளே கும்மிருட்டு. அதைப் பார்த்து அடைக்கலத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காற்றைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. மேட்டுக்காட்டு ஆள், காற்றென்றால் அவருக்குக் கேழ்வரகு தூற்றத்தான்.

வெளியே ஓடினார். தெற்கிலிருந்து சோழகக் காற்று முகத்தில் அறைந்தது.

"பிச்சமுத்தண்ணே, என்ன அநியாயம் இது! இன்னும் பாதிப் படம் இருக்கு. தாசில்தார் உள்ள இருக்காரு."

"தெரியுதுங்க மொதலாளி. காத்துக்குத் தெரியலையே. புள்ளைக வயிறு ஒட்டிப்போயிக் கெடக்கு."

"முடியிற வரைக்கும் பொறுங்க. ஒங்க கால்ல விழுகுறேன்."

பிச்சைமுத்து பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுகையால், அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். அந்த மனிதரைத் திட்டவும் வாய் வரவில்லை. அதுதான் அடைக்கலத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள்கூடக் கிடைக்காமல் ஒருவன் நாசமாவதா?

ஒவ்வொரு பாயாக இறங்க இறங்க, திரையில் அழுதுகொண்டிருந்த ராணி வெளுத்தாள். மூக்கும் முழியும் கரைந்து, கடைசியில் வெறும் துணிதான் மிஞ்சியது. தாசில்தாரைத் தவிர ஆண்கள் பக்கம் காலி, எல்லாரும் தோணிக்கு ஓடிவிட்டார்கள். தாசில்தார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பாத்தீரா?" என்றார். அவ்வளவுதான். அவருடைய வண்டி கிளம்பிவிட்டது.

"மிஷின நிறுத்துய்யா!" என்று கத்தினார் அடைக்கலம்.

"நிறுத்தாதீங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து பிச்சைமுத்துவின் மனைவி இருளாயி. மடியில் பிள்ளை தூங்கியது.

"படந்தான் தெரியல. சத்தம் கேக்குதுல்ல? அந்த ராணி புருசன் திரும்பி வாரானா இல்லையான்னு கேட்டுட்டுப் போறோம்."

ஒரு பெண்கூட எழுந்திருக்கவில்லை. வெயிலடிக்கும் வெள்ளைத் துணியை அத்தனை பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடைக்கலத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இருந்தும் ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். ராணி அழுதாள். அவர்களுக்குப் பின்னால், கடலில், கறுத்த பாய்கள் ஒவ்வொன்றாகப் புடைத்து எழுந்தன.