பெரிய எண்

2007 தீபாவளிக்கு முந்தின வாரம் வள்ளித்தாய், சிவகாசியில் இருந்த தனுஷ்கோடியின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். போனஸ் வாங்கிய கையோடு நேராக வந்திருந்தாள்.

அவள் கணவன் கண்ணுச்சாமி அச்சகத்தில் லேபிள் டிசைன் செய்தவன். சாத்தூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வீட்டோடு கிடந்தான். பழைய கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுவது ஒன்றுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று அலுத்துக்கொள்வான். அவனுக்குச் சொல்லாமலே, படத்தைத் திக்காமல் ஓட வைக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுக்க அவள் ஆசைப்பட்டாள்.

"எந்தக் கார்டும்மா வேணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கேம் நல்லா ஓடணும். நீங்களே பாத்துக் குடுங்க."

தனுஷ்கோடி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். வேறு வேறு கம்பெனி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் மெமரி 512 என்று பெரிதாகப் போட்டிருந்தது, மற்றதில் 256. ஆனால் 256-இல் இருந்தது வேகமான மெமரி. கேமுக்கு அதுதான் சரி. விவரம் தெரிந்தவர்கள் அதையே கேட்டு வாங்கிப் போனதால், 512 விற்காமல் தூசி படிந்து கிடந்தது.

"இது அதவிட ரெண்டு மடங்கா?" என்று வள்ளித்தாய் 512-ஐத் தொட்டுக் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றான் தனுஷ்கோடி. மற்றதன் வேகத்தைச் சொல்லாமல் 512-க்கே பில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கார்டை மாட்டிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனான். கண்ணுச்சாமி பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த மெமரி வேகத்தைப் படித்தான். பிறகு நிமிர்ந்து தனுஷ்கோடியைப் பார்த்தான். கண்ணுச்சாமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தனுஷ்கோடிக்குப் புரிந்தது.

"இருந்ததுலேயே பெரிசு இதுதான்," என்றாள் வள்ளித்தாய். முகமெல்லாம் சிரிப்பு.

கண்ணுச்சாமி பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். "நல்லாருக்கு வள்ளி."

கார் ஓடியது, திருப்பங்களில் திக்கியது. அவள் காப்பி போட உள்ளே போன நேரத்தில் கண்ணுச்சாமி கேம் செட்டிங்கில் மரங்களையும் நிழல்களையும் குறைத்து, கார் திக்காமல் ஓட வைத்துவிட்டான். திரும்பி வந்தவளிடம், "பாத்தியா, எப்படிப் போகுதுன்னு," என்றான். தனுஷ்கோடிக்குக் கண்ணுச்சாமி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தீபாவளி கழிந்ததும் தனுஷ்கோடி 256-ஐ எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

"பெட்டி மாறிப்போச்சும்மா. உங்களுக்குக் குடுக்க வேண்டியது இதுதான்."

வள்ளித்தாய் எண்ணைப் பார்த்தாள். "இது பாதிதான அண்ணாச்சி? பெரிசக் குடுத்துட்டு இப்ப சின்னதக் கொண்டு வாரீக. பொம்பளைக்கு என்ன தெரியும்னு நெனைக்கீகளா?"

"விடு வள்ளி," என்றான் கட்டிலில் இருந்த கண்ணுச்சாமி. "அண்ணாச்சி, இதுவே போதும். நீங்க கிளம்புங்க."

அப்படியே திரும்பிவிடலாம். ஆனால் தனுஷ்கோடியால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

"பெட்டி மாறலம்மா. இதுதான் நல்ல கார்டுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அது விக்காமக் கிடந்துச்சு, அதான் உங்க தலையில கட்டிட்டேன்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

கண்ணுச்சாமி தலையாட்டினான். "நீ அம்புட்டு ஆசையா வாங்கிட்டு வந்த."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். தனுஷ்கோடி கார்டை மாற்றி மாட்டினான். இப்போது கார் திருப்பங்களில் வழுக்கிக்கொண்டு போனது. சாலையோரத்து மரங்கள் நிழலோடு வந்தன. கண்ணுச்சாமி அதைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தனுஷ்கோடி பையை எடுத்தபோது அவள் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, வேற கடையில வாங்குனா எதக் கேட்டு வாங்கணும்? சொல்லிட்டுப் போங்க."

வேற கடை என்றது அவனுக்குச் சுருக்கென்றது. "மெமரி எம்புட்டுன்னு மட்டும் பாக்கக்கூடாதும்மா. அது என்ன வேகம்னும் கேக்கணும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்தபடி மறுபடியும் சொன்னான்.