மூடாத குழாய்கள்

தைத்திங்கள் வெயில் உச்சி சாய்ந்து, மலையின் நிழல் கீழ்ச்சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கிய வேளை. தொலைவில் நீரிணை அசைவற்றுக் கிடக்க, அதற்கு அப்பால் பிறை நகரின் ஆலைப் புகைபோக்கிகள் வெண்புகை விட்டு நிற்க, இக்கரையில் ஜார்ஜ் டவுனின் பழைய ஓட்டுக்கூரைகளும் அவற்றைக் குனிந்து பார்க்கும் மாடிவீடுகளும் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. அங்கு வாழும் அத்தனை பேரையும் ஒருசேரக் காணத்தக்க பினாங்கு மலைச்சரிவொன்றில், தம்மைக் காண ஒருவருமின்றி வாழ்ந்துவந்தார் லோகேஸ்வரன்.

அவருக்கு அகவை ஐம்பத்துநான்கு, மணம் செய்யாதவர், அரைக்காணி வெற்றிலைக் கொடிக்காலே அவருடைய உற்றமும் சுற்றமும். முன்பு பன்னிரு குடும்பங்கள் பயிரிட்ட அச்சரிவில், பயிர் ஈந்தது அடுப்புக்கே போதாமல், ஒவ்வொருவராகக் கீழிறங்கி ஆலை வேலைக்குப் போய்விட்டனர். பாயான் பாருவில் வாழும் தங்கை மீனாட்சியும் சென்ற கிழமை அழைத்துச் சொல்லிவிட்டாள்: "தைப்பூசத்துக்கு வெத்தல வரலன்னா கீழ எறங்கி வந்துரு அண்ணே. ரூம் சும்மாத்தான் கெடக்கு லா." பூசத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். கொடிகளோ நுனி கருகி நின்றன.

படிப்பவரே, மலையில் நீர் இல்லாமல் இல்லை. மேலே பாறையிடுக்கில் முன்னோர் கல் அடுக்கிக் கட்டிய சுனையொன்று உண்டு. மார்பளவு நீர் நின்ற சுனை அது. இப்பொழுது அதில் கணுக்கால் நனைவதே அரிது. ஏனெனில் அம்மலையில் ஒரு வழக்கம் இருந்தது: தன் குழாயை எவரும் மூடமாட்டார். மூடினால் அந்நீர் அடுத்தவன் குழாய்க்குப் போய்விடுமே என்னும் அச்சம்! பள்ளத்துக்கு அப்பால் சாதிக்காய்க் கன்றுகள் வளர்க்கும் முதியவர் அப்துல் ஹமீதின் குழாயும் அவ்வாறே அல்லும் பகலும் ஓடியது. எவர் குழாயை எவர் மேலே நகர்த்தினார் என்று ஆறாண்டுக்கு முன் மூண்ட பூசலுக்குப்பின், எஞ்சிய அவ்விருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

அன்று வாடிய கொடிகளைக் காணப் பொறாது பள்ளத்தின் ஓரம் நடந்த லோகேஸ்வரன், பாய்ச்சாத பொழுதெல்லாம் தம் குழாய்நீர் வழிந்து வீழும் இடத்தில் புல் இடுப்பளவு செழித்திருக்கக் கண்டார். எதிர்க்கரையிலும் அதே புல், அதே செழிப்பு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இருவர் இரண்டுபட, கொண்டாட்டமெல்லாம் புல்லுக்கு. நெடுநேரம் அதனைப் பார்த்து நின்றவர், தம் அறிவின்மையை எண்ணி நாணினார். பின்னர் மேலேறிச் சென்று, ஆறாண்டாகத் துருவேறியிருந்த குழாய்த் திருகை இரு கைகளாலும் பற்றி மூடினார்.

மூடியபின்தான் அவருக்கு உண்மையில் அச்சம் பிறந்தது. ஹமீது மூடாவிட்டால் இருந்த நீரும் போயிற்று. போய்ச் சொல்லலாமென்றால் நா எழவில்லை. அதனினும் கொடியது அமைதி. உண்ணும்போதும் உறங்கும்போதும் உடனிருந்த நீரோசை நின்றதும், குடிசை திடீரெனப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. தாம் எவ்வளவு தனியர் என்பதை அன்றுதான் அவர் முழுதும் உணர்ந்தார்.

கதிரவன் சாயும் பொழுதில், புதர்மண்டிப் போன பழைய ஒற்றையடிப் பாதையில் முள் கிழித்த கைகளுடன், கோலூன்றி மூச்சிரைக்க வந்து நின்றார் ஹமீது. வாயிலில் அமர்ந்திருந்த லோகேஸ்வரனைத் தலைமுதல் கால்வரை நோக்கினார்.

"தண்ணி சத்தம் நின்னு போச்சு தம்பி. அதக் கேட்டுத்தான் நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன். எங்கயும் விழுந்து கெடக்கிறியோன்னு வந்தேன்."

லோகேஸ்வரன் எழுந்தார். "நான்தான் மூடினேன் அண்ணே. பள்ளத்துலதானே போவுது. ராத்திரி மூடி வச்சா சுனை ரொம்பும். காலையில மொதல்ல நான், நான் மூடினதும் நீங்க. ரெண்டு பேருக்கும் போதும் லா."

"நான் மூடலன்னா ஒன் தண்ணியும் எனக்குத்தானே வந்திருக்கும்?"

"ஆமா."

"தெரிஞ்சேவா மூடின?"

"தெரிஞ்சுதான்."

லோகேஸ்வரன் தேநீர் கொடுத்தார். ஹமீது அதைப் பருகிவிட்டுத் திரும்பி நடந்தார். இருள் கவியுமுன் எதிர்க்கரை நீரோசையும் நின்றது. விடியலில் சுனை முழங்காலளவு நிறைந்திருந்தது.

அன்றுதொட்டு, நீர் பாய்ச்சி முடித்ததும் லோகேஸ்வரன் பள்ளத்தருகே வந்து குரல் கொடுப்பார். அது கேட்டு ஹமீது தம் குழாயைத் திறப்பார். கொடிகள் தளிர்த்தன. பூசத்துக்கு முதல்நாள் நான்கு கூடை வெற்றிலை மலையிறங்கியது. அவற்றை விற்றவர் தங்கை வீட்டில் உண்டுவிட்டு, மாலையே மலையேறிவிட்டார்.

சித்திரையில் பெருமழை பெய்து சுனை நிரம்பி வழிந்தது. கொடிக்கு நீர் பாய்ச்சவோ, முறை வைக்கவோ இனி வேண்டுவதில்லை. ஆயினும் மறுநாள் விடியலில், மழைத்தூறலினூடே பள்ளத்துக்கு அப்பாலிருந்து முதியவரின் குரல் வந்தது.

"தம்பி, மூடிட்டியா?"

அன்று திறக்கவே திறக்காத குழாயருகே நனைந்தபடி நின்ற லோகேஸ்வரன், கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, "மூடிட்டேன் அண்ணே" என்றார்.