தண்ணீருக்குப் பூட்டு

வாருங்கள், இந்தச் சமையலறைக் கதவின் முன் வந்து நில்லுங்கள். பித்தளைப் பூட்டு ஒன்று தொங்குகிறது. உள்ளே நகையில்லை, பத்திரமில்லை. ஒரு குழாயும் ஒரு பானைத் தண்ணீரும் இருக்கின்றன. இருபத்தெட்டு ஆண்டுகள் கூடி வாழ்ந்த கணவனுக்கு எட்டாமல் மனைவி தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறாள். தாகத்தைக் குற்றமென்று தீர்ப்பெழுதிய இந்த அநீதிக்கு நீங்களே சாட்சி.

குற்றவாளி ஒரு தையல்காரர். சிறுநீரகங்கள் கைவிட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரம் அவர் இரத்தத்தைக் கழுவித் தருகிறது. குடிக்கும் நீர் வெளியேற வழியில்லை, உடம்பிலேயே தங்கும். ஆகவே நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் என்று மருத்துவர் அளந்துவிட்டார். ஒருமுறை நுரையீரலில் நீர் கோத்து அவர் மூச்சுக்குத் தவித்ததை மனைவி கண்ணால் கண்டாள். மறுநாள் பூட்டு வாங்கினாள். குளியலறையிலும் விடவில்லை. குளித்து முடிக்கும்வரை அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது உத்தரவு. பேச்சு நின்றால் கதவு தட்டப்படும்.

அவர் நாக்கோ மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. ஊசியில் கோக்க நூல் நுனியை நனைக்கக்கூட எச்சில் ஊறவில்லை.

ஒரு திங்கட்கிழமை எடை பார்த்தபோது, முந்தைய டயாலிசிசுக்குப் பிறகு மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. அத்தனையும் தண்ணீர். "அடுத்த திங்களும் இப்படியே வந்தா, வாரம் நாலு நாள் படுக்கணும்," என்றார் மருத்துவர். நான்காவது நாளும் போனால் தையல் கடையை மூட வேண்டியதுதான். அது தையல்காரருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

ஊசி ஏறிய கையோடு அவர் படுத்திருக்க, கட்டிலருகிலேயே மனைவி விசாரணையைத் தொடங்கினாள்.

"உண்மையச் சொல்லுங்க. இஸ்திரி போடத் துணியில தெளிக்கிற பாட்டில சனிக்கிழமை காலையில நிரப்பி வச்சேன். மத்தியானம் காலி. ஒரு சட்டைகூடத் தேய்க்கல. தண்ணி எங்க போச்சு?"

"ஆவியாப் போச்சு."

"உங்க வயித்துக்குள்ளயா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடை குறிக்கும் செவிலியருக்கு நோயாளிகள் வைத்த பெயர் தராசம்மா. அவர் குறுக்கே வந்தார்.

"அக்கா, கேஸ அப்புறம் நடத்துங்க. அண்ணனுக்கு என்ன சாப்பாடு போடுறீங்க?"

"நாக்குல ஒண்ணுமே தெரியலங்கிறார். அதான் உப்பக் கொஞ்சம் தூக்கலாப் போடுறேன். தண்ணிதான் இல்ல, சாப்பாடாவது ருசியா இருக்கட்டுமேன்னு."

தராசம்மா அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"எனக்கு ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கு. எனக்கே ரெண்டு டம்ளர் கேக்குது. அண்ணன் குடிச்சது கம்மி."

பார்த்தீர்களா? தண்ணீரைப் பூட்டிய அதே வீட்டில் உப்பு ஜாடி திறந்தே கிடந்தது. கதவுக்கு வெளியே காவல் நின்ற கையே, கதவுக்கு உள்ளே தாகத்தைச் சமைத்தது.

மனைவி மெல்லக் கேட்டாள்: "உப்பப் பத்தி டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"எப்ப?"

"ஆரம்பத்துலயே. உன் சமையல்ல நான் எதுக்குத் தலையிடணும்னு விட்டுட்டேன்."

"இத்தன வருஷத்துல நீங்க தலையிடாம விட்டது அது ஒண்ணுதான்."

அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தறியாத ஆணிடம் சமையல் பாடத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சமைப்பவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டு ஆண்டுத் தாகத்துக்கு இதுவே வேர்.

அன்று தராசம்மா மனைவிக்கு நாற்காலி போட்டார். உப்புக்குப் பதில் மிளகு, பூண்டு, சில துளி எலுமிச்சை. பொட்டலத் தீனி கூடாது. கடையில் விற்கும் 'உப்புக்கு மாற்று' பொடியில் பொட்டாசியம் அதிகம், இவர் இதயத்துக்கு ஆபத்து, தொடவே கூடாது. முக்கால் லிட்டரிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் பனிக்கட்டியாக்கி, ஒவ்வொன்றாக வாயில் அடக்கலாம். எச்சில் ஊறச் சர்க்கரை இல்லாத சூயிங்கம். நடுநடுவே குளிர்ந்த நீரால் கொப்பளிக்கலாம்.

"வாய்க்குள்ள போன தண்ணியத் துப்ப மனசு வருமா, சிஸ்டர்?"

"கோபத்த வேணா முழுங்குங்க அண்ணே. தண்ணியத் துப்புங்க."

முதல் இரண்டு நாள் தட்டைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கியது. "இது சாப்பாடா, தண்டனையா?"

"ரெண்டும்தான். சாப்பிடுங்க."

நான்காம் நாள் பூண்டின் ருசி நாக்குக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் மனைவி பூட்டைக் கழற்றிப் பழைய சாமான்களோடு போட்டாள். கன்னத்தில் ஒரு பனிக்கட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர் ஒரு முழுக்கைச் சட்டையை வெட்டி முடித்தார். கடைக்கு வந்தவர்கள் பல்வலியா என்று விசாரித்தார்கள். இல்லை, விருந்து என்றார்.

திங்கட்கிழமை. தராசம்மா முள்ளை இருமுறை பார்த்தார்: கூடியது ஒரு கிலோ எண்ணூறு.

"சட்டைப் பையில அளவு நாடாவும் ஊசி டப்பாவும் இருக்கு, சிஸ்டர். அதையும் கழிச்சுக்குங்க," என்றார் தையல்காரர்.

மருத்துவர் நான்காவது நாளைப் பற்றிப் பேசவேயில்லை. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வீடு தப்பியது. அந்தக் கூடத்திலேயே இன்னும் பதினொரு கட்டில்கள் இருக்கின்றன. பதினொரு சமையலறைகளுக்குச் சேதி போகவில்லை. உங்கள் தெருவில் டயாலிசிசுக்குப் போகிறவர் இருந்தால், அவர் குடித்ததை எண்ணுமுன் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் உண்டு பாருங்கள். பிறகு உங்கள் மருத்துவமனைக்கு எழுதுங்கள்: சமைப்பவரை உள்ளே அழையுங்கள், நாற்காலி போடுங்கள், அவரிடம் சொல்லுங்கள் என்று. நாளை என்று தள்ளாதீர்கள். இன்றே எழுதுங்கள்.