அடியில் கிடந்த குலைகள்

சித்திரையில் விடாமல் பெய்த கோடை மழை ஆண்டனிராஜின் திராட்சைத் தோட்டத்தைப் பதம் பார்த்துவிட்டது. அறுவடைக்குக் காத்திருந்த குலைகள் வெடித்துப் பூசணம் பிடித்தன. சேதி தெரிந்தும் அவருடைய மகள் ஜெசிந்தாவால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அகரம் பக்கம் இருந்த ஒயின் ஆலையில், வருகிற பழத்தைப் பார்த்து எடுக்கும் பொறுப்பு அவளுடையது. வேன்களில் பழம் வந்து இறங்கிக்கொண்டே இருந்த நேரம் அது.

அந்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்தது லேசில் நடக்கவில்லை. நாசிக்கில் ஒயின் தயாரிப்பு படித்துவிட்டு வந்தவளை, சொந்தக்காரர்கள் சாராயக் கம்பெனிக்காரி என்றார்கள். பேசி முடித்த சம்பந்தம் ஒன்று அந்தப் பேச்சிலேயே முறிந்தது. அப்போதெல்லாம் கூட நின்றவர் ஆண்டனிராஜ்தான்.

"மாதா கோயில் பூசையில சாமியார் கையில எடுக்குறது என்ன, இளநியா? போங்கய்யா" என்று வந்தவர்கள் வாயை அடைத்தார்.

மகள் கேட்டாள் என்பதற்காக, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த பன்னீர் திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஒயினுக்கான ரகத்தை நட்டார். சின்னப் பழம், தடித்த தோல், வாயெல்லாம் கொட்டை. ஆலை எடுக்காவிட்டால் சந்தையில் அதைச் சீண்ட ஆளில்லை. இதுதான் முதல் முழு விளைச்சல்.

மழை வெறித்ததும் அவரே மினி வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்கு வந்தார்.

"சாப்டியா பாப்பா?" என்று கேட்டவர் பதிலுக்கு நிற்காமல் ஒதுங்கிப் போய் நின்றார்.

மேலே இருந்த குலைகள் கருகருவென்று பார்க்க ஜோராக இருந்தன. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஹுஸ்னா ஒரு பழத்தைப் பிழிந்து சர்க்கரை அளவு பார்த்தாள். "நல்லாருக்குக்கா" என்றாள்.

அதற்குள் ஜெசிந்தாவின் மூக்கில் காடி வாடை ஏறியிருந்தது. பெட்டிக்குள் கையை விட்டாள். அடியில் கிடந்தவை கொழகொழவென்று விரலோடு வந்தன. அடுத்த பெட்டியிலும் அப்படித்தான். மேலே நல்லதை அடுக்கி, கீழே அழுகலை மறைத்திருந்தார் அப்பா.

வரிசையில் நின்ற விவசாயிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில்தான் சோலைமுத்து என்பவரின் பழத்தை இதே காரணத்துக்காகத் திருப்பியிருந்தாள். அவர் இன்னும் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி முகேஷ்குமார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க அப்பா பழம். இந்த ஒரு தடவ எறக்கிக்கலாம்மா. பொறுக்கி எடுத்துப் பாப்போம்."

மனசோடுதான் சொன்னார். தலையாட்டினால் போதும். ஆனால் நாளைக்கு இந்தக் கேட்டில் நின்று யாரிடம் வேண்டாம் என்று சொல்வது?

"அழுகல் சாறு நல்ல பழத்துலயும் எறங்கிருச்சு சார். தொட்டிக்குள்ள போனா மொத்தமும் கெட்டுரும். வேணாம்."

அப்பாவிடம் அவளே போனாள். "திருப்பிக் கொண்டு போங்கப்பா."

"எங்கிட்டுக் கொண்டு போறது?"

அவள் விரலில் ஒட்டியிருந்த அழுகலைத் துடைத்தாள்.

"மேல இருந்தத மட்டும் பாத்திருக்கக் கூடாதா பாப்பா?" அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பெட்டிகளை மறுபடி வேனில் ஏற்றத் தொடங்கினார். கைகொடுக்கப் போனவளை, "விடு. ஒன் வேலயப் பாரு" என்றார்.

வேன் போன பிறகு ஹுஸ்னா குழாயடிக்கு வந்தாள். ஜெசிந்தா கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நானா இருந்தா எறக்கியிருப்பேன்க்கா."

"தெரியும்டி" என்றாள் ஜெசிந்தா.

அந்த வருஷத்து ஒயின் நன்றாக வந்தது. தலைமைத் தயாரிப்பாளர் பதவியை முகேஷ்குமார் அவளுக்குக் கொடுத்தார். அதற்கு முன் அங்கே ஒரு பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆலையில் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, "சரித்தா" என்றதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

ஆடியில் ஊருக்குப் போனாள். தோட்டத்தில் கொடிகளைக் காணோம். கல்தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. அப்பா சின்னாளப்பட்டி ரோட்டில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக அம்மா சொன்னாள். சோறு போட்டபடியே வாசலைப் பார்த்தாள்.

"அவரு வார நேரந்தான். நீ இருக்கியா, கெளம்புறியா?"

ஜெசிந்தா இருந்தாள். காக்கிச் சட்டையோடு வந்த அப்பா மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"போறதுக்கு பஸ் இருக்குல்ல?" என்றார்.

"இருக்குப்பா" என்றாள்.