கேள்வி கேட்டவளின் குரல்

அந்தக் குரலை வெட்டி எறியச் சொன்னார்கள். சொன்னவர் எங்கள் தலைமை நூலகர். பல்கலைக்கழக நூலகத்தில் யார் தும்மினாலும் “உஷ்” என்பார், அதனால் அவருக்கு உஷ் சார் என்றே பெயர். நான் அங்கே ஒலிப்பதிவுப் பிரிவில் ஒப்பந்த ஊழியை. பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கி, காது கொடுத்துக் கேட்கும்படி ஆக்குவது என் வேலை.

தரைத்தளத்தில் புதிதாக ஒரு கண்காட்சி திறக்க இருந்தோம். நீராவிச் சலவைக்கூடங்களில் உழைத்த பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் பதிவுகள். பொத்தானை அமுக்கி, ஹெட்ஃபோனை மாட்டினால் காதுக்குள் பேசுவார்கள். வாசலில் ஆளுயரப் பலகை. அதில் ‘சேகரித்தவர்’ என்று போட்டு, கீழே பேராசிரியரின் பெயர், பட்டங்கள், கன்னத்தில் கைவைத்தபடி ஒரு படம்.

சேகரித்தவராம்! அந்த மனிதர் ஒரு சலவைக்கூடத்தின் வாசற்படியை மிதித்திருந்தால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அத்தனையும் சேகரித்தது என் அக்கா. அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, நாலு வருஷம் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடம் கூடமாக அலைந்தாள். வீட்டுக்கு வந்தால் அவள் தலைமுடியிலும் சோப்பு வாசனைதான். கடைசியில் ‘ஆய்வில் தரம் இல்லை’ என்று அவளை அனுப்பிவிட்டார். கேசட்டுகள் மட்டும் அவரிடமே தங்கிவிட்டன. அக்கா இப்போது ஒரு தொலைபேசிச் சேவை மையத்தில், முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறாள்.

“கேள்வி கேக்குற குரல் எதுக்கும்மா? பதில் மட்டும் போதும்னு பேராசிரியரே சொல்லிட்டாரு. சுத்தமா வெட்டிடுங்க,” என்றார் உஷ் சார்.

வெட்டினேன். வெட்டியதைப் போட்டுக் கேட்டேன். “அய்யய்யோ, அதையெல்லாம் கேக்காதே,” என்று ஒருத்தி சிரிக்கிறாள். “நீயும் ஒரு வாய் சாப்பிடு,” என்கிறாள் இன்னொருத்தி. யாரிடம் சொல்கிறாள், சுவரிடமா?

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எதை வெட்டினாலும் ஒட்டினாலும், வெட்டாத மூலப் பதிவு அப்படியே இருக்க வேண்டும். தலையே போனாலும் அதில் கைவைக்கக் கூடாது. அது பத்திரமாக இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

“விடுடி. உன் வேலைக்கு நீயே உலை வச்சிக்காதே. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும்ல?”

“உன் பேரு அந்தப் பலகையில வரணும்க்கா. வரலைன்னா அந்த வேலையே எனக்கு வேணாம்.”

“அவரு பெரிய ஆளு.”

“அதுக்கு? வானத்துல இருந்து குதிச்சாரா? நீ திறப்பு விழாவுக்கு வா. சும்மா வந்து நில்லு, போதும்.”

“நான் எதுக்கு? வேடிக்கை பாக்கவா?” என்றாள். ஆனால் வந்தாள். யாரோ பிடித்துத் தள்ளிவிட்டதுபோல் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றாள்.

கூடம் நிறைய மாணவர்கள். பேராசிரியர் பேசினார். “நானே நேர்ல போனேன். அந்தப் பெண்களோட உக்காந்தேன். அந்த நீராவியில என் கண்ணாடி மங்கிப்போச்சு,” என்றார். கைதட்டினார்கள்.

“முதல் பதிவைப் போடுங்கம்மா,” என்றார் உஷ் சார்.

“ஹெட்ஃபோன்ல ஒருத்தருக்குத்தானே சார் கேக்கும்? எல்லாரும் கேக்கட்டும்,” என்று கம்பியை உருவி ஒலிபெருக்கியில் செருகினேன். வெட்டாத பதிவைத்தான் ஓடவிட்டேன்.

முதலில் இயந்திரங்களின் உறுமல். பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல்.

“அக்கா, இந்தச் சூட்டுல எப்படி நிக்கிறீங்க?”

“நீ நிக்கலையா? அப்படித்தான்.”

“எனக்கு மயக்கமா வருது.”

“இந்தா, தண்ணியைக் குடி. உன்னை அனுப்பின வாத்தியாரு எங்க? அவரு வர மாட்டாரா?”

“அவருக்குச் சூடு ஒத்துக்காதாம்.”

கூடமே சிரித்தது. “உஷ்! உஷ்!” என்று உஷ் சார் ஓடி வந்தார். அடக்கியது கூட்டத்தையா ஒலிபெருக்கியையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பேராசிரியர் அசரவில்லை. “அது என் உதவியாளர். ஒரு மாணவி. அப்பப்போ துணைக்கு வருவா,” என்றார்.

நான் மைக்கைக் கையில் எடுத்தேன். “பேரு என்ன சார்?”

“ஆங்?”

“நாலு வருஷம் உங்ககிட்ட இருந்தாங்களே சார். அவங்க பேரு?”

வாயைத் திறந்தார். மூடினார். உஷ் சாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பாவி மனுஷனுக்குத் தெரியவில்லை! உஷ் சார் இத்தனை வருஷமாகக் கேட்ட அமைதி அன்றுதான் அந்த நூலகத்தில் கிடைத்தது.

கடைசி வரிசையிலிருந்து அக்கா தன் பெயரைச் சொன்னாள். எங்கள் அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுசாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல். எல்லாத் தலைகளும் திரும்பின.

“கேள்வி கேட்டது நான்தான். அத்தனை கூடத்துக்கும் போனதும் நான்தான். சந்தேகம் இருக்கறவங்க கேளுங்க, இங்கயேதான் நிக்கிறேன். எனக்குச் சூடு ஒத்துக்கும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உஷ் சார் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

“நாளைக்கு உங்க ஒப்பந்தத்தைப் பத்திப் பேசணும்.”

“பேசுவோம் சார். இப்ப உங்க மார்க்கரைக் கொஞ்சம் குடுங்க.”

கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துப் பழகிய நூலகர் கை. யோசிப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டது. வாங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவின் கையில் வைத்தேன்.

“நீயே எழுதுக்கா.”

அவள் தயங்கவே இல்லை. நேராக வாசலுக்குப் போய், ‘சேகரித்தவர்’ என்பதன் கீழே தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். பலகையில் இடம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்துகள் பேராசிரியரின் கன்னத்தில் ஏறின.