மாமாவின் சாவுக்கு நான் கட்டிய பாய்

டாக்டர் என் பெருங்குடலை வெட்டி, வயிற்றின் இடப்பக்கம் புதுவாசல் திறந்து, அதில் மலம் சேர ஒரு பையை ஒட்டி அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. இடம் பார்த்துத்தான் திறந்தாரோ என்னவோ, சரியாக இடுப்புக்கயிறு கட்டுகிற இடம். டோங்காத் தீவுக்காரன் துக்க வீட்டுக்கு இடுப்பில் பாய் கட்டாமல் போவதும் அம்மணமாகப் போவதும் ஒன்று.

அப்போது பார்த்து பெனி மாமா செத்துப்போனார். அம்மாவின் அண்ணன், என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். கடைசியாக அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பை யார் கண்ணிலும் படக் கூடாது. வீட்டிலிருந்ததிலேயே பெரிய, கிழிந்த பாயை எடுத்து மார்பிலிருந்து முழங்கால்வரை சுற்றி, கயிற்றை இறுக்கினேன். கண்ணாடியில் சுருட்டிவைத்த படுக்கை ஒன்று என்னைப் பார்த்து விழித்தது.

"இந்தப் பாயா கட்டிட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி மெலெநைதே.

"எல்லாம் எனக்குத் தெரியும்."

தெரிந்ததுதான். பை நினைப்பில் மறந்துபோயிற்று. பெரிய கிழிசல் பாய், செத்தவரின் சொந்தப் பிள்ளைகள் உட்பட அவருக்குக் கீழ்ப்பட்ட உறவுகள் கட்டுவது. சமையல் வேலை அவர்களுடையது. தங்கை மகன் சின்ன, நல்ல பாய் கட்டி உள்ளே உட்கார வேண்டியவன்.

வாசலில் நின்ற கிழவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாயைத்தான் பார்த்தார். "பின்பக்கம் போப்பா. கிழங்கு உரிக்க ஆள் பத்தல."

எதிர்த்துப் பேசினால் பாய்க்குக் காரணம் சொல்ல வேண்டும். போனேன்.

அங்கே மாமாவின் மகன் மனாசே, அதேபோன்ற பாயில். "டேய் மச்சான்! எங்கப்பா உன்னை எப்படா தத்தெடுத்தாரு?"

பதிலை என் பை சொன்னது. நீளமாக. கயிற்றுக்கு அடியில் மூச்சுத் திணறி ஊதிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

மனாசே கத்தியைக் கீழே வைத்தான். "அதுக்காடா மூட்டை மாதிரி வந்து நிக்கிறே? கழுத்தை நெரிச்சா அது கத்தாம என்ன செய்யும்? கயித்தைப் பைக்கு நாலு விரல் மேல கட்டுடா."

பின்னாலேயே மெலெநைதே சின்னப் பாயோடு வந்து நின்றாள். "எல்லாம் தெரியும்னீங்களே, அதான் கையோட எடுத்துட்டு வந்தேன்."

பையைக் காலி செய்து, சின்னப் பாயைத் தளர்வாகக் கட்டினேன். அது பைக்கு மேல் வாசல் திரைபோலத் தொங்கியது. ஒன்றுமே தெரியவில்லை. இதற்கா காலையிலிருந்து படுக்கையாக நடமாடினேன்?

மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். போதகர் ஜெபத்தின் நடுவே மூச்சு விட நிறுத்திய நேரம் பார்த்து, பை மறுபடி பேசியது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. உடனே பின்வாசலிலிருந்து மனாசே இடிக்குரலில் பாட்டைத் தொடங்கினான். போதகர் உட்பட எல்லோரும் சேர்ந்து பாட வேண்டியதாயிற்று.

நான் பையைப் பொத்தவில்லை. குனிந்து மாமாவின் நெற்றியில் முத்தமிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடப்பவர் போலத்தான் இருந்தார், பாவம்.