வெறும் பால்தானே

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. என் தொண்டை தூரத்துக்கு எட்டாது. ஒரு வீட்டிலிருந்து 'நீ' என்ற சொல் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொல்லப்போகிறேன்.

அந்த வீட்டில் சித்தி என்று ஒருத்தி. தையல் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பது தொழில். மூத்த தாரம் செத்துப்போன பிறகு ஒரு வேன்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் பிள்ளை. வாயைத் திறந்தால் தெருவே அதிரும், அதனால் பட்டாசு என்று பெயர். ஆனால் சித்தியிடம் மட்டும் சத்தம் இல்லை. 'நீங்க சாப்பிட்டீங்களா, நீங்க தூங்குங்க' என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதை. சித்தி அந்த மரியாதையை இரண்டு வருஷம் சுமந்தாள்.

ஒரு மத்தியானம் சித்தியின் மடியில் தைக்கக் கிடந்த யாரோ ஒருத்தரின் சட்டையைப் பட்டாசு தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இது வயிறா அண்டாவா, சித்தி? கடைசி பட்டனை நீ தைக்காமலே விட்டுடு. எப்படியும் எட்டாது."

சித்தி ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். வலி தெரியவில்லை. பெற்றவளைத்தானே 'நீ' என்பார்கள்? அன்றிலிருந்து அந்த ஒற்றை எழுத்துதான் அவளுக்குச் சொத்து.

பதினைந்து வயதில் பட்டாசு நமுத்துப்போனது. காலையில் எழுப்பினால் எழ முடியவில்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். சீப்பு நிறைய முடி வந்தது, முகம் உப்பியது, வெயில் காலத்திலும் குளிருகிறது என்றாள். பக்கத்து வீட்டு அக்கா 'நமுத்த பட்டாசு' என்று கேலி செய்தாள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால், தைராய்டு குறைவாம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: இது சோம்பல் இல்லை, தொண்டையில் இருக்கும் சுரப்பி மெதுவாக வேலை செய்கிறது, தினமும் ஒரு சின்ன மாத்திரை அதை ஈடுகட்டிவிடும். காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னார். ரத்தமும் கம்மியாக இருக்கிறது என்று தனியாக ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார்.

சித்தி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆனால் பச்சைப் பிள்ளையின் காலி வயிற்றில் மருந்தை இறக்க மனசு வருமா? மாத்திரை சூடு, குடலை அரித்துவிடும் என்று பயம். பாலைக் காய்ச்சி, ஊதி ஊதி ஆற்றி, இரண்டு மாத்திரையையும் சேர்த்துக் கையில் வைத்துப் படுக்கைக்கே கொண்டுபோனாள். பால் என்ன சாப்பாடா? நாமும் அப்படித்தானே பேசுகிறோம். 'இன்னும் ஒண்ணும் சாப்பிடலை, வெறும் காபிதான்' என்கிறோம். அவள் கணக்கில் அது வெறும் பால், அதனால் வயிறும் வெறும் வயிறு.

மாதங்கள் போயின, பிள்ளை தேறவில்லை. வெறும் வயிற்றில்தானே கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, ஆமாம் என்று சத்தியமாகச் சொன்னாள். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அப்படியும் ரத்தப் பரிசோதனையில் மாற்றம் தெரியவில்லை. இந்த வயசுப் பிள்ளைகள் சில சமயம் மாத்திரையை முழுங்காமல் துப்பிவிடும், கவனியுங்கள் என்று அடுத்த தடவை அவர் சொன்னது சித்தி மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாள் காலையில் பிள்ளை பாலைக் குடித்து முடித்ததும் சித்தி சொன்னாள்: "வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

பட்டாசு அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு திறந்தாள். அதற்கப்புறம் தினமும் அதே சோதனை. பழைய பட்டாசாக இருந்தால் கூரை பறந்திருக்கும், சண்டை போடக்கூட அவள் உடம்பில் தெம்பில்லை. பரீட்சையன்று அவள் எழுந்திருக்காமல் கிடந்தபோது சித்தியின் வாயில் சனி உட்கார்ந்தது.

"உங்கம்மா இருந்தா அவளையும் இப்படித்தான் ஏமாத்துவியா?"

போர்வைக்குள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது. "நாக்கைத் தூக்கச் சொல்லி நீங்கதானே பார்த்தீங்க, சித்தி."

நீங்க. சித்திக்குச் சுருக்கென்றது. ஆனால் வீம்பு விடவில்லை, காஜா எடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சித்தியை விட்டுவிட்டுப் பெண்ணைக் கேட்டார். "மாத்திரையை எதோட முழுங்குற?"

"பாலோட. இன்னொரு மாத்திரையும் சேர்த்து. சித்தி தருவாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பாலும் இரும்புச்சத்தும் அந்த மாத்திரையைச் சரியாக உடம்பில் சேரவிடாது, தண்ணீர் மட்டும்தான் கொடுக்க வேண்டும், பாலும் சாப்பாடும் ஒரு மணி நேரம் கழித்து, இரும்பு மாத்திரை சாயங்காலம் என்றார். இதை முதல் நாளே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும், தன் தப்பும் உண்டு என்றார். கூட்டிய அளவையும் குறைத்து, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார்.

"வெறும் பால்தானே..." என்று சித்தி ஆரம்பித்தாள். பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் தன் விரல் நுனியில் இருந்த ஊசித் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "உன்னைச் சந்தேகப்பட்டேனே. என் நாக்கைத்தான் அறுக்கணும்."

"பரவாயில்லை சித்தி. நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க," என்றாள் பெண். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் காலில் விழுந்தாவது கரைக்கலாம். இல்லாத கோபத்தை எப்படிக் கரைப்பது?

உடம்பு ஒரே நாளில் திரும்பவில்லை. முகத்து வீக்கம் வற்றியது, குரல் தெளிந்தது, கடைசியில் தூக்கம் கலைந்தது. மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டாள். சித்தி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் வெளியூர் கூட்டிப்போவதற்குச் சித்தி வேண்டாம் என்றதும் வெடித்தது பாருங்கள். கதவு அறைந்தது, ஜன்னல் அதிர்ந்தது. பட்டாசு நன்றாகக் காய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சிரித்தாள்.

சித்திக்குக் கண் நிறைந்தது. அந்தச் சத்தத்துக்காக எத்தனை நாள் ஏங்கினாள். திட்டு ஒவ்வொன்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், எங்காவது ஒரு 'நீ' தவறி விழாதா என்று. "நீங்க எப்பவும் இப்படித்தான், நீங்க யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க" என்று அத்தனை ஆத்திரத்திலும் ஒரு இடத்தில்கூட மரியாதை பிசகவில்லை.

"சரி, போயிட்டு வா," என்றாள் சித்தி மூடிய கதவிடம்.

"தேங்க்ஸ்ங்க, சித்தி," என்று பதில் வந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உடம்பில் தெம்போடு, தொண்டையில் சத்தத்தோடு இருக்கட்டும். சந்தேகம் வருமுன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்கும் நிதானம் உங்களுக்கு வாய்க்கட்டும். உங்களை 'நீ' என்கிற வாய் கடைசிவரை 'நீ' என்றே கூப்பிடட்டும்.